பெண்கள் பக்கம்

சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எழுபத்தொன்பது என்று விழுந்தது. ஷமீம் பானு அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, "நூத்தி இருவத்தி நாலு" என்றாள்.

துல்கர்னைன் பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நூற்றுக்குக் கீழே இருந்தால் அருவிக் குளியல் கிடையாது என்பது அவன் போட்ட சட்டம். தென்காசியில் கிளம்பும்போதே சொல்லியிருந்தான். மேலகரம் தாண்டும்போது இன்னொரு தடவை சொன்னான்.

"எதுக்கும் ரெண்டு பிஸ்கட் தின்னுட்டுப் போ."

"நூத்தி இருவத்தி நாலுக்கு எதுக்கு மச்சான் பிஸ்கட்?"

ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. தின்றிருக்கலாம். தின்றால் அவன் ஜெயித்துவிடுவான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே பிடிக்கவில்லை.

பதினோரு வயதில் வந்த சர்க்கரை நோய். அன்றிலிருந்து தினமும் நாலு ஊசி. நிக்காஹ் முடிந்து அவன் ஷார்ஜா போன பிறகு, காலை ஆறரைக்கு மீட்டரைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். முதலில் அது இனித்தது. உம்மாவைத் தவிர வேறு யாரும் கேட்காததை ஒருவன் கடல் தாண்டி இருந்து கேட்கிறானே என்றிருந்தது. எண் நன்றாக வந்த நாளில் மட்டும் 'நல்ல பிள்ளை' என்று பதில் வருவதைக் கவனிக்க இரண்டு மாதம் ஆனது. இப்போது எட்டு மாதம் கழித்து முப்பது நாள் லீவில் வந்திருக்கிறான். அவள் தட்டில் விழும் இட்லியைக்கூட எண்ணுகிறான்.

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் அவன் வர முடியாது. அதற்காகவே குளிக்க ஆசைப்பட்டாள். புர்காவையும் மீட்டர் பையையும் அவனிடம் கொடுத்துவிட்டு, சுடிதாரோடு தடுப்புக் கம்பியைத் தாண்டினாள்.

தண்ணீர் உச்சந்தலையில் அறைந்தது. அந்த இரைச்சலில் யாரும் அவளிடம் எதையும் கேட்க முடியாது. கண்ணை மூடி நின்றாள். பத்து நிமிஷம் போயிருக்கும், கை நடுங்கியது.

சுற்றிலும் எல்லாருக்கும்தான் நடுங்கியது. சாரல் காற்றில் ஒரு சிறுமி உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இது குளிரா, சர்க்கரை இறங்குகிறதா? வீட்டில் என்றால் வியர்வை காட்டிக் கொடுக்கும். அருவிக்குள் வியர்வையை எங்கே தேட? சந்தேகம் வந்தால் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பார்ப்பாள். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எண்பத்தாறு. எண்பத்தாறு.

யாரோ தோளைப் பிடித்தார்கள். சேலையை ஏற்றிச் செருகிய, நாற்பது வயதிருக்கும் பெண்.

"ஏட்டி, கண்ணு சொருகுதே! இங்கன வா." ஓரப் பாறைக்கு இழுத்து உட்காரவைத்தாள். "தள்ளுங்கட்டி! வலிப்புக்காரப் பிள்ளை!"

பெண்கள் விலகினார்கள். ஒருத்தி தன் குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி ஷமீமின் கையில் திணித்து, விரல்களை மடக்கினாள். "இரும்பு. இறுக்கிப் பிடி, வலிப்பு வராது."

"வலிப்பு இல்ல..." நாக்கு தடித்துக் கிடந்தது. "சீனி..."

"முத்துசெல்வி, அந்தப் பிள்ளை காப்பி கேக்கா போல!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

சர்க்கரை இறங்கும்போது ஷமீமுக்குக் கோபம் ஏறும். அந்தக் கோபம்தான் இப்போது வாயைத் திறந்தது. "எனக்கு சுகர் கொறையுது! இனிப்பு வேணும்! வெளிய அவுககிட்ட இருக்கு!"

முத்துசெல்வி அவளை அணைத்து நடத்தி வந்தாள். கம்பிக்கு அப்பால் துல்கர்னைன், ஜூஸ் பாக்கெட்டில் குழாயைக் குத்தித் தயாராக நின்றான். அவன் சட்டை நனையவே இல்லை. அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"மீட்டர்ல பழசெல்லாம் நிக்கும்னு மறந்துட்டியா?" அவன் குரல் உடைந்தது. "நீ உள்ள போன பொறவு பட்டனை அமுக்கிப் பாத்தேன். எழுவத்தொம்பது. கத்துனேன், உனக்குக் கேக்கல. பொம்பளைங்க பக்கம் நான் எப்படி வர? அதான் இந்த அக்காட்ட சொல்லிவிட்டேன்."

ஆக, அங்கேயும் அவன் கண் வந்திருக்கிறது. அது வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள். முடித்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

"வலிப்புன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "சுகர்னா, இந்த வயசுலயான்னு கேப்பாங்க."

"எட்டு மாசமா நம்பர் கேக்கீங்க. பேரைச் சொல்ல மட்டும் வாய் வரலையோ?"

"நீ மட்டும் உள்ளதைச் சொன்னியாக்கும்?"

ஷமீம் முத்துசெல்வியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்கு வலிப்பு கெடையாது. சுகர். பதினோரு வயசுலேருந்து ஊசி போடுதேன்."

"அட பாவமே, இந்த வயசுலயா?" முத்துசெல்வி சாவியை வாங்கி இடுப்பில் செருகியபடி துல்கர்னைனை முறைத்தாள். "ஏன்யா, அதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? கரையில எம் பை நெறைய கடலை மிட்டாய் கெடக்கு. நான் பாட்டுக்கு இரும்பைக் குடுத்து உக்கார வச்சிருக்கேன்!"

அவன் காது சிவந்தது. "தப்புதான்க்கா. சுகர்தான் அவளுக்கு."

ஷமீம் மீட்டரை வாங்கி, விரலைத் துடைத்துக் குத்தினாள். எண் வந்தது. பழக்கத்தில் அவன் கை நீண்டது. அவள் மீட்டரைத் தரவில்லை.

"அறுவத்தெட்டு."

"நெசமா?"

"நெசம்."

அவன் பார்வை இரண்டு தடவை மீட்டரின்மேல் போய்த் திரும்பியது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான். அவள் வாங்கித் தின்றாள்.

பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அதுவரை இருவரும் நனைந்த கல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.