உப்பு ஏறாத சுமை

செத்து நான்கு நாள் ஆன ஆஷ்பீர் குருங், பைசாக் மாதம் இருபத்தொன்றாம் தேதி மதியம், பதினொரு கோவேறு கழுதைகளோடு சிர்தொங் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்து, இருபது மூட்டை அரிசியையும் பதினைந்து தார்ப்பாயையும் நனையாமல் இறக்கிக் கொடுத்தான். அந்தச் செய்தி கீழே பேசிகாட் கிடங்கில் இருந்த எங்களுக்கு ராணுவத்தின் வயர்லெஸ் வழியாக வந்தது. சொன்னவர் சிர்தொங் வார்டுச் செயலாளர் கர்ணசிங் காலே. சரக்கு வந்தது, துண்டுச்சீட்டில் கைநாட்டு வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், உப்பு மட்டும் இல்லை என்றார். கொண்டுவந்தது யார் என்று கேட்டதற்கு அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நம்ம ஆஷ்பீர்தான், வேற யாரு? என்ன சொன்னீங்கன்னு தெரியல, மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு டீகூடக் குடிக்காம கெளம்பிட்டான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கழுதைங்க சாணிகூடப் போடல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வயர்லெஸ்ஸைக் கையில் வைத்திருந்தவள் மன்சுபா குருங், ஆஷ்பீரின் மனைவி. பேசிகாட்டில் லாரிச் சாலை முடிகிறது. அதற்கு மேலே கால்தான் வண்டி. நிலநடுக்கம் வந்த மறுநாளிலிருந்து, வந்து இறங்கும் நிவாரணச் சரக்கை எந்த ஊருக்கு, எந்தப் பாதையில், யார் முதுகில் அனுப்புவது என்று முடிவு செய்தது அவள்தான். யாரும் அவளை நியமிக்கவில்லை. லாரிக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் கத்திக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள், அவ்வளவுதான். மூன்று நாளில் ஹெலிகாப்டர்காரர்களே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். ஆஷ்பீர் அவளை 'ஹாகிம்' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். எங்கள் பக்கத்தில் அது பெரிய அதிகாரிகளைக் கூப்பிடும் சொல்.

அவன் சாகக் காரணமும் அவள் எழுதிய ஒரு சரக்குச் சீட்டுதான். அதை அவளே மறைக்கவில்லை. பதினேழாம் தேதி காலை பத்துக் கழுதைக்கு அரிசியும் பதினோராவதுக்கு உப்பும் ஏற்றியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மேகம் கறுக்க, மேலே குழந்தைகள் வெட்டவெளியில் கிடக்கிறார்கள் என்று உப்பை இறக்கித் தார்ப்பாயை ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். ஆனால் தலைக்கழுதை ஜுனேலி, நெற்றியில் கண்ணாடியும் சிவப்புக் குஞ்சமுமாகச் சிங்காரித்து நின்றவள், நகர மறுத்துவிட்டாள். கிளம்பும் நேரத்தில் தலைக்கழுதை முரண்டு பிடித்தால் சுமையை இறக்கிவிட்டு, அடுத்த வேளைச் சோறு ஆகும்வரை காத்திருப்பது எங்கள் வழக்கம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காத்திருக்காதவர்கள் இப்போது இல்லை, அதனால் கேட்கவும் முடியாது.

"உப்பில்லாத சுமைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு, ஹாகிம்" என்று சிரித்தான் ஆஷ்பீர். "ஒரு வேளை பாத்துட்டுப் போறேனே."

"அறுநூறு பேரு பட்டினி கெடக்கறத ஒரு கழுதை முடிவு பண்ணுமா? உப்பு இந்த நடை வேண்டாம். நேரா சிர்தொங் போ. வழில எங்கயும் நிக்காத."

சிர்தொங் அவன் பிறந்த ஊர். அவனும் அவசரத்தில்தான் இருந்தான். ஜுனேலியின் காதில் ஏதோ சொல்லிக் கொஞ்சி நகர்த்தினான். மதியம் பூமி மறுபடி ஆடியபோது செம்பாறைச் சரிவு முழுதாக இறங்கி, அவனையும் பதினொன்றையும் ஆற்றோடு கொண்டுபோயிற்று. எதிர்க்கரையில் இருந்த மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். சிர்தொங்குக்கு இருந்த ஒரே பாதையும் அதோடு போயிற்று.

இருபத்திரண்டாம் தேதி காலை, கிடங்குத் தராசின் படிக்கல்லுக்கு அடியில், சரக்கோடு போன அந்தச் சீட்டு இருந்தது. நனைந்திருந்தது. கர்ணசிங்கின் கைநாட்டு இருந்தது. 'வராத பொருள்' என்ற இடத்தில் உப்பு என்று எழுதியிருந்தது. மன்சுபா அதை வெயிலில் காயவைத்தாள். மறுநாள் ஏற்றுமேடையில் இருபது மூட்டை அரிசியை அடுக்கச் சொன்னாள், பக்கத்தில் ஒரு மூட்டை உப்பையும். சீட்டு எழுதி மேலே வைத்தாள். உச்சிவேளையில் மேகம் ஆறு வரைக்கும் இறங்கி வந்தது. ஒரு டீ குடிக்கும் நேரம் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. மேகம் விலகியபோது மேடையில் உப்பு மட்டும் இருந்தது.

அதன் பிறகு நான்கு நாளைக்கு ஒரு நடை. சிர்தொங்கில் இறங்க ஹெலிகாப்டருக்கு இடமில்லை. இருந்தாலும் அந்த மழைக்காலத்தில் மேகம் விடவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசி என்ற கணக்கில், ஒரு செத்த மனிதனின் உழைப்பில் உயிரோடு இருந்தார்கள். உப்புக்குப் பதில் நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாவைச் சோற்றில் தூவிக்கொண்டார்கள்; ஹெலிகாப்டர்கள் வேறு ஊர்களுக்குப் போட்டதில் காற்றில் தவறி வந்த பாக்கெட்டுகள் அவை. ஒவ்வொரு நடைக்கும் மன்சுபா உப்பை வைத்தாள். ஒவ்வொரு நடையிலும் அவன் அதை விட்டுவிட்டுப் போனான். சீட்டுகள் ஈரமாகவே திரும்பின.

காத்மாண்டுவிலிருந்து ஓர் அதிகாரி படிவங்களைச் சரிபார்க்க வந்தார். நல்ல மனிதர், கால் கொப்புளம் போட்டிருந்தது. சிர்தொங் பக்கத்தைப் புரட்டி, "பாதையே இல்லன்னு போட்டிருக்கு. சரக்கு மட்டும் எப்படிப் போகுது?" என்றார்.

"கழுதைல" என்றாள் மன்சுபா.

"ஓட்டறவர் பேரு?"

"ஆஷ்பீர் குருங்."

"போன் நம்பர்?"

"இப்பல்லாம் எடுக்கறதில்ல, சார்."

சீட்டுகளில் கைநாட்டு ஒழுங்காக இருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இப்படி ஒழுங்கான கோப்பை இந்த மலையில் வேறெங்கும் பார்க்கவில்லை என்று பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, ஆசாரில், பாச்சு வந்தார். செத்தவர்களை மூதாதையர் ஊருக்கு வழியனுப்பும் பூசாரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆஷ்பீருக்கு இன்னும் அந்தச் சடங்கு நடக்கவில்லை என்பதும், நாற்பத்தொன்பது நாள் தாண்டிவிட்டது என்பதும் ஊர் முழுக்கத் தெரியும். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அவனுக்குத் தான் செத்ததே தெரியாது, தங்கச்சி. ஒங்கிட்ட கேட்ட கடைசி வார்த்தையப் புடிச்சுக்கிட்டு நடக்கறான். உப்பு வேண்டாம், நேரா போ, நிக்காத. தூக்கத்துல நடக்கறவன் மாதிரி. நீ இன்னொரு வார்த்த சொன்னா முழிச்சுக்குவான். அப்புறம் போக வேண்டிய எடத்துக்குப் போயிருவான்."

"அப்ப மூட்டைய யாரு கொண்டு போவா?" என்றாள்.

"முழிச்சவன் மூட்டை தூக்க மாட்டான்."

மன்சுபா நோட்டைப் புரட்டினாள். பாதை வெட்டும் ஆட்கள் செம்பாறையைத் தாண்ட இன்னும் நான்கு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தது. "அப்ப நடக்கட்டும்" என்றாள்.

பாச்சு எழுந்துபோனபின் அவள் அழுததை நான் பார்த்தேன். கிடங்கில் எடை போடுவது என் வேலை; தராசைப் பிடித்தபடி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். ஊரில் சில பெண்கள், உயிரோடு இருந்தபோதும் வேலை வாங்கினாள், செத்தபிறகும் விடமாட்டேன் என்கிறாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் மேகம் இறங்கும்போது மேடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அவன் பக்கத்திலேயே நின்று கயிறு கட்டுவான், எப்போதும் போல இரட்டை முடிச்சு. சட்டையிலிருந்து ஆற்றுத்தண்ணீர் சொட்டும். அவளைப் பார்க்கமாட்டான். கூப்பிட்டுவிடக் கூடாதென்று அவள் சால்வையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சால்வை ஒரு முனையில் நைந்து போயிருந்தது.

அடுத்த மாதம், சாவனில், அவன் உடம்பின் ஊடே பின்னாலிருக்கும் சுவர் தெரிகிறது என்று சிர்தொங்கிலிருந்து செய்தி வந்தது. அதற்கடுத்த பாதோவில், மூட்டையும் ஜுனேலியின் குஞ்சமும்தான் தெரிகின்றன, ஆளைக் காணோம், இருமல் மட்டும் கேட்கிறது என்றார் கர்ணசிங். "போதும்னு சொல்ல மனசு வருது, அக்கா. ஆனா சொல்ல முடியல. இங்க புள்ளைங்க இருக்கு."

"சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் மன்சுபா.

நாற்பத்தோராவது நடை கார்த்திக் மாதம் இரண்டாம் தேதி போயிற்று. ஐந்தாம் தேதி செம்பாறையில் பாதை திறந்தது. ஆறாம் தேதி உயிருள்ள கழுதைகள் அரிசியும் உப்புமாகச் சிர்தொங் போய்ச் சேர்ந்தன, போனவுடன் சாணியும் போட்டன. அன்று மதியமே அவள் பாச்சுவுக்கு ஆள் அனுப்பினாள்.

சடங்கு இரண்டு நாள் நடந்தது. மூங்கிலில் உருவம் கட்டி அவன் சட்டையைப் போர்த்தினார்கள். அவனுக்காக ஒரு செம்மறி ஆட்டை நிறுத்தினார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் போகச் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம். பாச்சு மூதாதையர் ஊர் வரைக்கும் வழியில் வரும் ஒவ்வொரு பாறையையும் ஓடையையும் பெயர் சொல்லிப் பாடி முடித்தார். ஆடு அசையவில்லை. பாச்சு மன்சுபாவைப் பார்த்தார்.

அவள் கிடங்குக்குப் போய் நோட்டை எடுத்துவந்தாள். எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். சுமப்பவர், ஆஷ்பீர் குருங். சரக்கு, உப்பு, ஒரு மூட்டை. சேருமிடம், மூதாதையர் ஊர். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, ஐந்தரை மாதமாகப் பல்லுக்குள் கடித்து வைத்திருந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நான் அன்னிக்குக் காத்திருந்திருக்கணும். ஜுனேலி சொன்னது சரி. உப்ப ஏத்திக்கோ. அவசரமில்ல. எங்க வேணும்னாலும் நின்னு, டீ குடிச்சுட்டுப் போ."

ஆடு தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது. ஆற்றுப் பக்கமிருந்து மணிச்சத்தம் கேட்டது; முதல்முறையாக அது நின்று நின்று கேட்டது. போய்ப் பார்த்தபோது மேடையில் உப்பு மூட்டை இல்லை.

சீட்டு திரும்பிவர ஒன்பது நாள் ஆயிற்று. நான்தான் படிக்கல்லைத் தூக்கி எடுத்தேன். காய்ந்து மொறமொறவென்று இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒன்பது கைநாட்டுகள் இருந்தன. நிலநடுக்கத்தன்று சிர்தொங்கில் செத்தவர்கள் ஒன்பது பேர், பெயர் வைக்காத குழந்தை ஒன்று உட்பட. ஒன்பதில் ஒன்று மிகச் சின்னது. கீழே ஆஷ்பீரின் கோணல் எழுத்தில், 'உப்பு வந்தது, ஹாகிம்' என்று இருந்தது.

மன்சுபா அதை இரண்டு முறை படித்தாள். மற்ற நாற்பத்தொன்றோடு சேர்த்து, தேதிப்படி, நாற்பத்திரண்டாவதாகக் கோத்து வைத்தாள். வெளியே தகரம் ஏற்றிவந்த லாரி ஹாரன் அடித்தது. எங்கே இறக்குவது என்று கேட்டார்கள், அவள் போய்ச் சொன்னாள்.