நாலாவது தோள்

...வருவான், வராமல் எங்கே போவான், டென்னஹி வீட்டுச் சவப்பெட்டியை நாலு டென்னஹிகள்தான் தூக்க வேண்டும், அது லண்டனில் எழுதிய சட்டமா, மீறிவிட்டுப் போவதற்கு? அப்பன் கார்மக் ஒன்று, மூத்த மகன் இரண்டு, சித்தப்பன் மூன்று, நாலாவது தோளுக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே டென்னஹி மாஸிதான், செத்தவனின் பெரியப்பன் மகன், மலையில் ஒளிந்திருப்பவன், கான்ஸ்டபிள் கில்ஹூலியின் மண்டையைச் சந்தைச் சாலையில் சிதறடித்தவன்... அந்த மூளையை மண்வெட்டியால் வாரிப் போட்டோமே, மறக்குமா அது? இதெல்லாம் ஆங்கிலேயக் கேப்டனுக்குத் தெரியுமா, "பெட்டிய எவன் தூக்குனா என்ன?" என்று கேட்டான் மடையன். மாலக்கி ஹெனபெரிக்குத் தெரியும், மாவட்டப் போலீஸ் தலைவனானாலும் உருளைக்கிழங்கு தோண்டிய வீட்டில் பிறந்த ஐரிஷ்காரன்தானே, நெருங்கிய உறவு முன்னால், தூரத்து உறவு பின்னால், அதிலும் இளையவன் ஆற்றுப் பக்கம். அந்த மூலையைத்தான் காட்டிக் கொடுத்திருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் மாவு ஆலையின் மாடி ஜன்னலில் நாலு சிப்பாய்கள், ஒருத்தனுக்கும் இந்த ஊர் முகம் தெரியாது, தெரியவும் வேண்டாம். "பின்னால், ஆற்றோரத் தோள். நான் தொப்பியைக் கழற்றினதும் சுடுங்கள்." பிணம் போகும்போது தொப்பியைக் கழற்றுகிறவனை எவன் சந்தேகப்படுவான்? கேப்டனே வாயைப் பிளந்தான்.

மணி அடிக்கத் தொடங்கிவிட்டது, பெட்டி இன்னும் தெருமுனை திரும்பவில்லை, பாலத்துக் காற்று எலும்பைக் குடைந்தது. மூன்று வாரமாக ஊரில் ஒருத்தனும் போலீஸ் வீட்டுக்குப் பால் விற்பதில்லை, மனைவி நோரா வெறும் தேயிலைத் தண்ணீரை வைத்துவிட்டு, "வேலைய விட்டுட்டு வாங்களேன், எங்கயாவது போயிடலாம்" என்கிறாள், எங்கே போவது, இந்த உடுப்பைக் கழற்றினால் உள்ளே யார் இருக்கிறான்? இந்த உடுப்பில் முதல் பதவிப் பட்டை வீடு இடித்ததற்குக் கிடைத்தது, வாடகை கட்டாதவன் கதவில் மரத்தடியை மோதி மோதி, கதவோடு சேர்ந்து உள்ளே நின்ற கிழவனின் விலாவும் நொறுங்கியது, அன்றைக்குத்தான் மேற்கே சொந்த ஊரில் என் அப்பாவைப் புதைத்தார்கள், நான் போகவில்லை, ஹெனபெரிகளில் மூன்று பேர்தான் இருந்தார்களாம், நாலாவது மூலைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் தோள் கொடுத்தானாம். இரண்டாவது பட்டை சந்தைக் கலவரத்துக்கு, தடியால் அடித்ததில் ஒருத்தன் கண் வெளியே வந்து கன்னத்தில் கிடந்தது... அப்புறம் எத்தனை, எதற்கு எது என்பதே கலந்துவிட்டது. இன்று பெட்டியில் வருகிற ஜெர் டென்னஹியை அப்படிக் கலக்க முடியவில்லை. இருபது வயதுப் பயல், நிலவறை நாற்காலியில் கட்டிப் போட்டு, ஒரே ஒரு பெயரைச் சொல்லுடா, மாஸி எங்கே, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. பல் தெறித்து வந்து என் சட்டைப் பித்தானில் பட்டது. சார்ஜெண்ட் ட்வாமி, "போதும் ஐயா, மயங்கிட்டான்" என்றார், மயங்கினவன் நடிக்கிறான் என்று தோன்றியது, நாற்காலிக் கால் கையோடு வந்தது, அதையே வைத்து... காதிலிருந்து ரத்தம் வந்தபோதுதான் நிறுத்தினேன். நிறுத்தினேனா, கை ஓய்ந்ததா? சாவுக்கு நாற்பது பேருக்கு மேல் கூடாது, கொடி கூடாது என்று உத்தரவு போட்டதும் இதே கைதான்.

வந்துவிட்டது. முன்னால் பாதிரியார், பின்னால் பெட்டி, நாலு தோளில் ஆடி ஆடி வருகிறது, கடை வாசல்களில் நின்றவர்களின் தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின, பாலத்தில் நின்ற கான்ஸ்டபிள்களும் இறக்கினார்கள், ட்வாமி சிலுவை போட்டுக்கொண்டார். ஹெனபெரியின் வலது கை தானாக மேலே போனது, விரல் தொப்பியின் விளிம்பைத் தொட்டுவிட்டது, அப்போதுதான் பின்மூலையைப் பார்த்தான்... ஜெருடைய பழுப்பு மேல்கோட்டு, அடடா, அதற்குக் கீழே பாவாடை! ஜெரின் தங்கை ஹானோரா. பெட்டியின் மறைவில் தலையே தெரியவில்லை, பாவாடையை ஆற்றோரச் சுவர் மறைத்துவிடும், ஆலை ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு கோட்டு, ஒரு தோள், அவ்வளவுதான். பொம்பளை பெட்டி தூக்கி எந்த ஊரில் பார்த்தோம்? அவளும் ஒரு டென்னஹிதான் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை, எல்லாம் தெரிந்த ஐரிஷ்காரனாம், தூ! கை அப்படியே நின்றது. இறக்கு, மெதுவாக இறக்கு, தொப்பி தலையில் இருக்கட்டும்.

தெருவே அவனைப் பார்த்தது. பெட்டிக்குப் பின்னால் வந்த தாய் ஜோஹானா விலகி நேரே அவன் எதிரில் வந்து நின்றாள். "கழட்டுடா." அவன் அசையவில்லை. "கொன்னுட்டே, சரி. பொணத்துக்கு மரியாதகூடவா கெடையாது? உங்க அப்பன் செத்தப்பவும் இப்பிடித்தான் நின்னியா?" பளாரென்று அறைந்தாள், தொப்பி சரிந்தது, ஐயோ, இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டான், பின்னால் கான்ஸ்டபிள்களின் துப்பாக்கிக் குதிரை இழுபடும் சத்தம், "சுடாதீங்கடா! ஒருத்தனும் சுடாதீங்க!" என்று கத்தினான், யாரைப் பார்த்துக் கத்துகிறேன், இவர்களையா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா? அவள் தொப்பியைப் பிடித்து இழுத்தாள், உன் மகளைக் கொல்லப் பார்க்கிறாயே தாயே, சொன்னால் நம்புவாளா, சொல்லி முடிப்பதற்குள் தெரு கலைந்து ஓடும், ஓடுகிற கோட்டைச் சிப்பாய்கள் சும்மா விடுவார்களா? "பொண்ணக் கூட்டிட்டுப் போம்மா, சீக்கிரம் போ" என்று மட்டும் முணுமுணுத்தான். அவள் முகத்தில் துப்பினாள். அதுவும் போதாமல் குனிந்து ஒரு கல்லை எடுத்து நெற்றியில் குத்தினாள், ஒருமுறை, இன்னொருமுறை, ரத்தம் கண்ணில் இறங்கியது, முழங்கால் தரையில் பட்டது, கைகள் மட்டும் தொப்பியை விடவில்லை, சின்னப் பிள்ளை மிட்டாயைப் பொத்திக்கொள்வதுபோல. சித்தப்பன் பெட்டியின் அடியிலிருந்தே, "வா அண்ணி, அந்த நாய விடு" என்றான்.

பெட்டி நகர்ந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான், பழுப்புக் கோட்டு தடுமாறியது, நிமிர்ந்தது, கோயில் மதிலுக்குப் பின்னால் போயிற்று, அங்கே எந்தக் குண்டும் எட்டாது. ட்வாமி கைக்குட்டையை நீட்டினார். பொறிவைத்த கதை அவருக்குத் தெரியாது. "கழட்டியிருக்கலாம் ஐயா. நானே கழட்டிட்டேனே" என்றார், முதல்முறையாக முகத்தைப் பார்க்காமல். ஹெனபெரி ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்... கை எப்போது எழுந்தது? பின்மூலையைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்துவிட்டது. மாஸி வந்திருக்கிறானா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை, பெட்டியின் முன்பக்கப் பலகை கண்ணில் பட்டதுமே எழுந்துவிட்டது. அப்படியானால் யாருக்காக? அந்தப் பயலுக்காகவா, நாற்காலிக் காலைப் பிடித்த இந்தக் கையா? இப்போதாவது கழற்றலாம் என்று தோன்றியது. அக்கரையில் ஆலை ஜன்னல் திறந்தே இருந்தது, நாலு துப்பாக்கியும் இன்னும் இந்தத் தொப்பி இறங்கத்தான் காத்திருக்கும், சாலையில் வேறு யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.