பச்சோந்தி ஒன்றும் செய்யாது

இலவசம் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. சுற்றுச்சூழல் பாடத்துக்குப் புத்தகமோ படமோ சும்மா கிடைக்குமா என்று நான் எழுதிக் கேட்காத இடம் பாக்கியில்லை. எங்கள் ஊரில் கறையான் புற்றின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தலைமையாசிரியர் கலிலோம்பேயின் போனை வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, அதன் மேல் நின்று எழுதினேன். கடைசியில் ஒரு பெட்டி வந்தது. திறந்தால், பனிக்கட்டி மேல் நிற்கிற வெள்ளைக் கரடி. ஐம்பது படத்திலும் அதே கரடி. வெளியே போகும்போது வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டுப் போங்கள் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு இன்னும் கரண்டே வரவில்லை. ஐந்தாம் வகுப்பு மாமரத்தடியில் நடக்கிறது.

"கரடி நல்லா கொழுகொழுன்னு இருக்கு மேடம். களிக்குத் தொட்டுக்கலாமா?" என்றார் கலிலோம்பே. அந்த மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டு.

அப்புறம்தான் சோம்பா டவுனில் இருக்கிற ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடமிருந்து அந்த அறிவிப்பு வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மாதாமாதம் ஒருவர் வந்து பிள்ளைகளை ஏரிக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய்ப் பாடம் சொல்லித்தருவார். எங்கள் பறவைகள், எங்கள் செடிகள் பற்றி எங்கள் மொழியிலேயே எழுதின புத்தகம், பிள்ளைக்கு ஒன்று. எல்லாம் இலவசம். இந்த வருஷத்தோடு திட்டம் முடிகிறது. நிபந்தனை ஒன்றுதான்: பள்ளி வளாகத்தில் ஓர் இடத்தை இயற்கையின் போக்கில் விட்டிருக்க வேண்டும், பிள்ளைகள் அதைக் கவனித்துக் கற்றிருக்க வேண்டும்.

கேட்க ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் என்றால் தரை மொட்டையாக இருக்க வேண்டும். ஒரு புல் இருந்தாலும் வாத்தியார்களுக்கு அவமானம், பாம்புக்குக் கொண்டாட்டம். தாமதமாக வருகிற பிள்ளையின் கையில் புல்வெட்டியைக் கொடுப்பதுதான் தண்டனை. அடிபம்புக்குப் பின்னால், வழிகிற தண்ணீர் ஓடுகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கலிலோம்பேயிடம் நான் கெஞ்சிக் கூத்தாடினேன். மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்தது. கோரை வந்தது, தவளை வந்தது, தூக்கணாங்குருவி வந்து கூடு கட்டியது. கூடவே ஒரு பச்சோந்தியும் வந்தது.

பச்சோந்தி என்றால் எங்கள் ஊரில் பெரியவர்களே ஓடுவார்கள். உனக்குச் சாவில்லை என்று கடவுள் மனுஷனுக்குச் சொல்லியனுப்பிய சேதியை ஆடி அசைந்து கொண்டுவந்து, சாவை முந்தவிட்ட பிராணி அதுதான் என்று இன்னமும் கோபம். முதல் நாள் எனிஃபா போட்ட சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். எனிஃபா ஆறாம் வகுப்பு. தங்கச்சியை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர் தூக்கிவிட்டு வருவதால் தினமும் தாமதம், தினமும் புல்வெட்டி. அதனாலேயே எந்தப் புல் எங்கே முளைக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. கொஞ்ச நாளில் பச்சோந்தி எந்தக் கிளையில் தூங்குகிறது என்று அவள்தான் எனக்குக் காட்டினாள். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, செடிக்குச் செடி பெயர் எழுதி நட்டோம். அவளுடைய தகரத்தில், "பச்சோந்தி. ஒன்றும் செய்யாது" என்று எழுதினாள்.

"அந்த புக்கு வந்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா மேடம்?"

"உனக்கே உனக்குடி."

"திருப்பிக் குடுக்கவே வேணாமா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். அதுவரை அவள் கையில் ஒரு புத்தகம் தனியாக இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை பார்வையிட வருகிறோம் என்று சேதி வந்தது. என் கெட்ட நேரம், வெள்ளிக்கிழமை என் தாய்மாமன் செத்துப்போனார். சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அப்புறம் எங்கள் வீட்டுச் சாவுக்கு நாய்கூட எட்டிப்பார்க்காது. போய் அடக்கம் முடிந்து, திங்கட்கிழமை காலையில் சைக்கிள் டாக்ஸியின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினேன்.

தரை பளபளவென்று இருந்தது. வளாகம் முழுக்க விளக்குமாறு போட்ட கோடுகள். அடிபம்புக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வேரோடு கொத்தி, வாரி, கொளுத்திவிட்டிருந்தார்கள். சாம்பல் மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. எங்கள் தகரங்களைத் தேய்த்துக் கழுவி, பாதையோரமாக வரிசையாக நட்டிருந்தார்கள்.

தாய்மார் குழுத் தலைவி நாம்பெவே அக்கா ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம், மாமாவ நல்லபடியா அனுப்பி வச்சீங்களா? இங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. டவுன்லேருந்து விருந்தாளி வருதுன்னு சார் சொன்னாரு. மேடம் பாவம் சாவு வீட்டுல கெடக்கு, அந்தப் பொதரு அப்படியே நிக்குது, மானம் போயிருமேன்னு சனிக்கிழம நாங்க எல்லாருமே எறங்கிட்டோம்."

"அக்கா, அத வெட்டக் கூடாதுன்னு சொன்னேனே!"

"புள்ளைங்களுக்குத் தண்டன குடுக்க உங்களுக்கு மனசு வராது, அதான் அப்படிச் சொல்றீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? இந்த எனிஃபா ஒரே அழுக. வெட்டாதீங்க வெட்டாதீங்கன்னு கத்துது. பாத்தா அங்க ஒரு பச்சோந்தி! புள்ள அதப் பாத்துப் பயந்து போச்சு மேடம். அதான் மொதல்ல அத அடிச்சுப் போட்டோம்."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. அது குதிரில் சோளம் தீர்ந்த மாசம். சனிக்கிழமை யாருடைய வயலிலாவது கூலிக்குக் களை எடுத்திருந்தால் அவள் வீட்டில் அன்றைக்கு உலை வைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு என் மானத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறாள். கை கழுவிக்கங்கக்கா என்றேன்.

கலிலோம்பே என் பக்கமே வரவில்லை. அவர் சனிக்கிழமை மீன் வாங்க ஏரிக்குப் போயிருந்தாராம். முதல்முறையாக அந்த மனுஷனுக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. தெம்பெனு என்று ஒரு பெண், சின்ன வயசு, நல்ல மாதிரி. தாய்மார்கள் பாட்டுப் பாடி, ஆடிக்கொண்டே அவளை அழைத்து வந்தார்கள். பாதையோரத் தகரங்களைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் எனிஃபா தங்கச்சியோடு முன்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஒவ்வொரு தகரமாகக் காட்டி, இது கோரை, தண்ணியச் சுத்தம் பண்ணும், இது குருவி கூடு கட்டுற புல்லு, நீளமா கிழிச்சு எடுத்துட்டுப் போகும், என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசித் தகரத்துக்கு வந்தாள்.

"இது பச்சோந்தி. எல்லாரும் பயப்படுவாங்க. ஆனா ஒண்ணும் செய்யாது."

"எங்கே இருக்கு?"

"சனிக்கிழம வரைக்கும் இருந்துது."

தெம்பெனுவைத் தனியாக அழைத்துப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். வெட்கத்தை விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணிலும் தண்ணீர்தான். "எனக்குப் புரியுது மேடம். ஆனா எடத்த போட்டோ எடுத்து அனுப்பணும். வெறும் மண்ண எடுத்து நான் என்னன்னு அனுப்புறது? இன்னொரு பள்ளிக்கூடத்துல புல்லு அப்படியே நிக்குது" என்றாள். அவளிடம் எனக்குக் கோபமும் இல்லை.

அடுத்த வாரம் கலிலோம்பே போனை நீட்டினார். இந்த முறை உங்கள் பள்ளி தேர்வாகவில்லை, ஆர்வத்துக்கு நன்றி. இந்த முறையாம்! அடுத்த முறை என்று ஒன்று இருக்கிற மாதிரி.

அன்றைக்கே நாம்பெவே அக்கா தண்ணீருக்கு வந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு நம்ம எடம் புடிச்சுதாமா?"

பம்புக்குப் பக்கத்தில் எனிஃபா நின்றுகொண்டிருந்தாள். வழக்கம்போலத் தாமதம், கையில் புல்வெட்டி. அவள் என்னையே பார்த்தாள்.

"ரொம்பப் புடிச்சுதாம்கா. இவ்வளவு சுத்தமா எங்கயும் பாக்கலியாம்."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று அக்கா குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அதே வரவேற்புப் பாட்டை முணுமுணுத்தபடி போனாள்.

முந்தின ராத்திரி பெய்த மழைக்குப் பம்படியில் ஒரு விரற்கடை புல் முளைத்திருந்தது. எனிஃபா பாதையோரம் போய் அவளுடைய பச்சோந்தித் தகரத்தைப் பிடுங்கிச் சுவரோரமாக வைத்தாள். பிறகு குனிந்து வெட்டத் தொடங்கினாள். நான் அவளைத் தடுக்கவில்லை.