நாற்பது சக்கரங்கள்

டிவி கேமில் கார் ஓட்ட ஜாய்ஸ்டிக் குச்சி எதற்கு, சக்கரம் அல்லவா வேண்டும்? எண்பத்தேழில் இந்த யோசனை வந்ததும் பம்பாய் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருந்த நாகூர் மீரான் இரண்டு மாசம் பை தைப்பதையே நிறுத்திவிட்டார். கேம் டப்பாவில் சொருகுகிற மாதிரி வயர் வைத்து, தோல் சுற்றி, நாற்பது ஸ்டியரிங் செய்தார். அழகாகத்தான் இருந்தன. ஆனால் கடையில் கிடைக்கிற கார் கேமுக்கு இடம், வலம் இரண்டு மட்டுமே தெரியும். விரலளவு திருப்பினாலும் கார் பாய்ந்து சுவரில் முட்டியது. சக்கரத்துக்கென்றே யாராவது புதிதாகக் கேம் எழுத வேண்டும். இல்லையென்றால் போட்ட பணம் முடங்கி, பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேரையும் ஊருக்கு ரயிலேற்ற வேண்டியதுதான்.

மாதுங்காவில் சொந்தமாகக் கேம் எழுதிக் கேசட் போட்டு விற்கிறவர் நம்பிராஜன். மீரான் கொண்டுபோன சக்கரத்தை ஆசை ஆசையாகத் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம், பாய். எத்தனை வித்திருக்கு?"

"கேம் இல்லாம எவன் வாங்குவான்?"

"மூணு மாச வேலை, பாய். வெறும் டப்பாவுக்கு எழுதினா டப்பா வச்சிருக்கிற எல்லாரும் வாங்குவாங்க. இதுக்கு எழுதினா நாற்பது பேர். அந்த நாற்பதும் உங்க பட்டறையிலதானே கிடக்கு? முதல்ல ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்! மீரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்த டீயைக் குடிக்காமலே இறங்கிவிட்டார்.

பட்டறையில் மனைவி நூர் நிஷாவோடு பேராச்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சந்தில் பைகளுக்குப் பக்கிள் வார்க்கிறவள். மீரான் யாரையும் கவனிக்கவில்லை.

"முதல்ல ஓடணுமாம்! ஒருத்தனும் கைகொடுக்கலேன்னா எப்படி ஓடும்? சாமானைப் பாத்து ஆசைப்படுதான், மொத அடிய மட்டும் அடுத்தவன் வைக்கணுமாம். இது என்ன நியாயம்?"

"அதத்தான் நானும் கேக்கேன், அண்ணாச்சி," என்றாள் பேராச்சி. புதுப் பக்கிள் ஒன்று அவள் கையில் இருந்தது. வழக்கமான ஒல்லி வார் அதில் நிற்காமல் நழுவிவிடும். அதற்கென்று அகல வார் வைத்துப் பை தைக்க வேண்டும். "இது மொதல்ல ஓடட்டும், பொறவு பை வெட்டுதேன்னு போன மாசம் நீங்கதானே சொன்னிய?"

அது வேற, இது வேற என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சுவரோரம் நாற்பது சக்கரமும் அடுக்கியபடி இருந்தன. கத்தரியை எடுத்தார்.

"வாரு எத்தன இஞ்சு வேணும்? எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்காம சொல்லு!"