மடக்குக் கால் கூடை

ஜெனோவா குடியிருந்த கட்டடத்தில் படிக்கட்டு வளர்ந்துகொண்டிருந்தது. துணி துவைக்கிற நாளில் மட்டும் வளரும். மற்ற நாள்களில் சும்மா கிடக்கும். அதைப் பற்றி யாரும் முறையிடவில்லை. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

படிக்கட்டுக்கு ஒரே ஒரு சட்டம். செருப்பில்லாமல் அதைத் தொட்டது எதுவானாலும் அது படிக்கட்டுக்குச் சொந்தம். துவைத்த துணியைக் கீழே வைத்தால் துணி போயிற்று. கையை ஊன்றினால் கை போயிற்று. மூன்றாம் மாடி திரும்புகிற இடத்தில் இருக்கிற கைப்பிடி முன்பு செசிலி அக்காவாக இருந்தது. ஈரத்துணியோடு ஏறியவள் மூச்சு வாங்குகிறது என்று படிக்கட்டுச் சுவரில் கொஞ்சம் சாய்ந்தாள். அவ்வளவுதான். இப்போதும் நன்றாகப் பேசுவாள். ஆனால் கைப்பிடியை யாரும் பிடிப்பதில்லை. பிடித்தால் கை போய்விடும். அதில்தான் அவளுக்கு வருத்தம்.

ஜெனோவாவின் அப்பா சந்தியாகு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அவள் கவுன் போட்டுக்கொண்டிருந்த வயதில் ஒரு மத்தியானம் மேகம் கறுத்தது. அவர்கள் வீட்டில் ஈரத்துணியை ஏற்றுவது அம்மா, காய்ந்த துணியை இறக்குவது அப்பா. "மழ வார மாதிரி இருக்கு, துணிய எடுத்துட்டு வந்திருங்க" என்று அம்மா சொன்னாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் படிக்கட்டு முதன்முதலாக வளர்ந்தது. மழை இன்னும் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. ஆனால் அவர் இறங்குகிற செருப்புச் சத்தம் துவைக்கிற நாளெல்லாம் கேட்டது. சளப், சளப் என்று சோம்பலாக. அவர் ஒரு மாடி இறங்கினால் படிக்கட்டு ஒரு மாடி வளர்ந்தது.

திங்கள்கிழமைதோறும் அம்மா துவைத்தாள். அப்பாவின் நீலச் சட்டையையும் துவைத்தாள். அதை யாரும் போடவில்லை. அதில் அழுக்கும் இல்லை. பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு ஏறுவாள். ஈரத்துணியைத் துவைத்தவர்தான் சுமக்க வேண்டும் என்பது வழக்கம். ஜெனோவா கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். கை தாங்குகிற வரைக்கும் ஏறுவார்கள். வாளியை இறக்கி வைக்க இடம் கிடையாது. கை விட்டுப்போகிற நேரத்தில் செருப்புச் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். அம்மா அண்ணாந்து பார்ப்பாள். பிறகு திரும்பிவிடுவாள். துணியெல்லாம் அடுக்களையில் காய்ந்தது. காய்ந்தது என்று சொல்ல முடியாது. அவர்கள் இருவரும் எப்போதும் ஈர வாடையோடு இருந்தார்கள்.

வாளியின் கனத்தில் அம்மாவின் கைகள் நீண்டுவிட்டன. முதலில் முழங்காலைத் தொட்டன. இப்போது கணுக்கால் வரை வந்துவிட்டன. இன்னும் நாலு விரற்கடை நீண்டால் விரல் படியில் படும். முழங்கையை மடக்கியே நடந்தாள். கையிலும் செருப்பு மாட்டிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாளிக்குச் செருப்பு மாட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டுக் காவலர் வியாகப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கீழ்ப்படியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டூலின் கால்களுக்கு நான்கு ஷூக்கள். பளபளவென்று பாலிஷ் போட்டிருக்கும்.

"வாளிக்குக் கால் எங்க?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா.

"கால் இல்லாததுக்குச் செருப்பு எதுக்கு? பேருக்குப் போட்டா படி நம்புமா?"

"கால் இருந்தா?"

"இருந்தா அது நிக்கும். நிக்கிறத நான் ஏன் தடுக்கப் போறேன்? ஆனா ஏறும்போது கால நீட்டிக்கிட்டு ஏறக் கூடாது. எறங்குறவங்களுக்கு வழி வேணும்லா."

அது நியாயமாகத்தான் இருந்தது. அப்பா இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே கூடைக்குக் கால் வேண்டும். கால் மடங்க வேண்டும். கூடையும் கனமாக இருக்கக் கூடாது. ஜெனோவா ஒரு வாரம் யோசித்தாள். நாடாக் கட்டில் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் குழாய்களை அறுத்து, குறுக்கும் மறுக்குமாக வைத்து, நடுவில் ஓட்டை போட்டு போல்ட் மாட்டினாள். அந்தப் பக்கம் ஒரு ஜோடி, இந்தப் பக்கம் ஒரு ஜோடி. மேலே இரண்டு கம்பு. உரச் சாக்கைக் கழுவி வாய்ப்பக்கத்தைக் கம்புகளில் சுற்றித் தைத்தாள். சாக்கின் அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள். தோளில் மாட்ட ஒரு வார். தன்னுடைய சின்ன வயதுச் செருப்புகளை வெட்டி நான்கு கால்களுக்கும் மாட்டிவிட்டாள். விரித்தால் நின்றது. மடக்கினால் குடை மாதிரி ஒடுங்கியது.

அம்மா சுற்றி வந்து பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு ஒரு ஆளு கூடுதலா?" என்றாள்.

"சாப்பிடாது."

"பெறவு சரி."

திங்கள்கிழமை அம்மா ஈரத்துணியைக் கூடையில் நிறைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வியாகப்பன் நிறுத்தினார். கூடையை விரிக்கச் சொன்னார். அது நின்றது. அவர் குனிந்து நான்கு செருப்புகளையும் பார்த்தார்.

"நிக்குது" என்றார். "நிக்கிறது ஆளு. ஆளுன்னா யாருக்காவது சொந்தமா இருக்கணும். இது ஒங்களுக்கு என்ன முறை?"

அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. அம்மா கூடையைப் பார்த்தாள். அது மெலிந்து, கொஞ்சம் கூனலாக, யாரோ சொல்லி அனுப்பிய வேலைக்கு வந்தது மாதிரி நின்றது.

"கொழுந்தன்" என்றாள் அம்மா.

"சந்தியாகுக்குத் தம்பியா? சொல்லவே இல்லியே."

"இப்பதான் வந்திருக்கு."

"ஆமா, ஜாட இருக்கு." வியாகப்பன் கூடையின் பக்கம் திரும்பினார். "மைனிய ஒழுங்காக் கூட்டிட்டுப் போவும் வேய்."

மூன்றாம் மாடியில் அம்மா முதல் தடவையாகக் கூடையை விரித்து வைத்தாள். தோளை அசைத்துப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் ஈரத்துணியோடு ஏறும்போது பாதி வழியில் அவள் சும்மா நின்றது அதுதான் முதல் முறை. அந்தக் கைகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"யாரு அது, ஒன் கொழுந்தனா?" என்றாள் செசிலி அக்கா, கைப்பிடியிலிருந்து. "நாலு காலா இருக்கு?"

"ரெண்டு காலு இருக்கவங்களால என்ன ஆச்சு?" என்றாள் அம்மா.

"அதுஞ்சரிதான். ஆனா பாரு, ஒன் கொழுந்தன் பந்தியில ஒக்காரப் போறான்."

உண்மைதான். கூடையின் கால்கள் மெல்ல அகன்றுகொண்டிருந்தன. பாரம் அழுத்த அழுத்த விரிந்துகொண்டே போயின. அகலுகிற காலை ஓர் அளவில் நிறுத்த எதுவும் கட்டவில்லை என்பது ஜெனோவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் வெறும் கூடையைத்தான் நிறுத்திப் பார்த்திருந்தாள். வெறும் கூடை நிற்கத்தான் செய்யும். ஈரத்துணி வேறு. சாக்கின் அடிப்பக்கம் படியை நோக்கி இறங்கியது. சாக்குக்குச் செருப்பு இல்லை.

"கயிறு இருக்காட்டி?"

"இல்லம்மா."

அம்மா துணிக்குள் கையை விட்டு அப்பாவின் சட்டையை உருவினாள். அதன் ஒரு கையை இந்தக் காலிலும் மறு கையை அந்தக் காலிலும் சுற்றி முடிச்சுப் போட்டாள். சட்டை விறைத்தது. கால்கள் நின்றன. சாக்கு படிக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கியது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தண்ணீரைப் படி எடுத்துக்கொண்டது.

"அவருதான் பிடிக்கணும்" என்றாள் அம்மா.

"எம் புருசன் இருந்தா இப்படிப் பிடிப்பானா?" என்றாள் செசிலி அக்கா.  அவள் புருஷன் நான்காம் மாடியில் இருந்தான். தினமும் அவளைத் தாண்டித்தான் ஏறி இறங்கினான்.

அதற்குப் பிறகு ஏறுவது சுலபமாகிவிட்டது. ஏறினார்கள். கை ஓய்ந்தால் விரித்து வைத்தார்கள். ஆள் இல்லாத மாடிகள் வந்தன. வெறும் கதவுகள் வந்தன. பிறகு கதவு இல்லாத சுவர்கள் வந்தன. ஜன்னல் வழியாக உப்பளம் தெரிந்தது. பிறகு உப்பளம் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. செருப்புச் சத்தம் தலைக்கு மேலேயே இருந்தது. ஒரு திருப்பத்தில் அது நேர் எதிரே வந்தது.

முதலில் துணிதான் தெரிந்தது. காய்ந்த துணி, அடுக்கடுக்காக, கண் மறைக்கிற உயரத்துக்கு. அதைக் கட்டிப்பிடித்த இரண்டு கைகள். அடியில் இரண்டு செருப்புகள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான்தான்" என்றாள் அம்மா.

"நீயா? எதுக்கு வந்த? நான்தான் எறங்கிட்டு இருக்கேன்லா."

"நேரமாச்சேன்னு வந்தேன்."

"இப்பதான ஏறினேன்" என்றார் அப்பா. துணிக்குப் பக்கவாட்டில் ஒரு கண் எட்டிப் பார்த்தது. "இது யாரு?"

"ஜெனோவா."

அப்பா சிறிது நேரம் பார்த்தார். "அப்பிடியா. கவுனு பத்தாதே" என்றார். "அது?"

"ஒங்க தம்பி."

"எனக்குத் தம்பி கெடையாதே."

"இப்ப இருக்கு."

அவர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு அதே குரலில் சொன்னார். "கை விட்டுப்போச்சு. இத எங்க வைக்க?"

அடுக்கு சரியத் தொடங்கியிருந்தது.  துணி விழுந்தால் அதைப் பிடிக்கக் குனிவார். குனிந்தால் கை படியில் படும். வைக்க அங்கே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதில் ஈரத்துணி இருந்தது. ஈரத்தின் மேல் காய்ந்ததைப் போட்டால் இவ்வளவு காலம் இறங்கியதற்கு அர்த்தமில்லை. ஜெனோவா ஒரே ஒரு தட்டுத்தான் வைத்திருந்தாள். மேலே போகிற துணியை மட்டும் நினைத்துச் செய்த கூடை. கீழே வருகிற துணி அவள் நினைவுக்கு வரவேயில்லை. நெடுநாளாக எந்தத் துணியும் கீழே வந்திருக்கவில்லை.

அம்மா கூடையிலிருந்த ஈரத்துணியை எடுத்துக் கழுத்தில் போட்டாள், தோளில் போட்டாள், மிச்சத்தை நெஞ்சோடு சேர்த்துக் கைகளால் சுற்றினாள். கைகள் இரண்டு சுற்று வந்தன. அவை நீண்டதில் ஒரு லாபம் அன்றைக்குத்தான் கிடைத்தது.

"வைங்க" என்றாள்.

அப்பா வைத்தார். அவருடைய முகம் தெரிந்தது. அது மாறவே இல்லை. அம்மாவைவிட இளையவராக இருந்தார். அம்மா அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். அடுத்த திருப்பத்தில் மொட்டை மாடிக் கதவின் வெளிச்சம் விழுந்திருந்தது.

"இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. காயப் போட்டுட்டு இந்தா வந்திருதேன்."

"மழ வருமோ என்னமோ" என்றார் அப்பா.

"வராது."

"சட்ட?" என்றாள் ஜெனோவா. அது கூடையின் கால்களில் இருந்தது.

"அது அங்கயே காயட்டும். அவுத்தா ஒக்காந்திரும்." அம்மா இரண்டு படி ஏறினாள். திரும்பாமலே சொன்னாள். "சோறு வடிச்சு வச்சிருக்கேன். ஆறிப்போகும், போங்க."

காய்ந்த துணியை யார் வேண்டுமானாலும் சுமக்கலாம். ஜெனோவா கூடையை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பா கைகளை வீசிக்கொண்டு முன்னால் இறங்கினார். கீழே போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. செசிலி அக்கா, "வந்துட்டீரா?" என்றாள். "இந்தா வந்தாச்சு" என்றார் அப்பா. வியாகப்பன் மூன்று பேரையும் பார்த்துத் தலையசைத்தார். ஆள் கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது.

அப்பா சோறு தின்றார். சூடாகத்தான் இருந்தது. பிறகு துணிகளை மடிக்க உட்கார்ந்தார். சின்னக் கவுன்கள், சின்னப் பாவாடை, பள்ளிக்கூடத்து நீலத் துணி. எல்லாம் நன்றாகக் காய்ந்து வெயில் மணத்தோடு இருந்தன. ஜெனோவா ஒரு கவுனை மூக்கில் வைத்துப் பார்த்தாள். மடித்துக் கீழே வைத்துவிட்டாள். யாருக்கும் அளவாக இல்லை.

அடுப்பைத் துடைக்கப் போகும்போதுதான் தன் இடது கையில் ஏதோ இருப்பதைக் கவனித்தாள். கிளிப் டப்பா. ஏறும்போது பிடித்தது. இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மேல காத்து அடிக்குமா?"

"நல்லா அடிக்கும். கிளிப்பு மட்டும் போடலன்னா துணி கடலுக்குப் போயிரும்."

ஜெனோவா வாசலில் நின்று கேட்டாள். மேலே செருப்புச் சத்தம் இல்லை. நடந்தால்தான் சத்தம் வரும். கயிற்றில் போட்ட துணியைக் காயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடமிருந்து சத்தம் வராது. அப்பாவின் சட்டையும் அங்கே இல்லை. பிடிக்க வேறு யாரும் இல்லை.

அவள் அழவில்லை. கட்டிலில் இன்னும் கொஞ்சம் குழாய் மிச்சம் இருந்தது. இரண்டாவது கூடைக்கு அறுத்தாள். இதற்கு இரண்டு தட்டு. மேல் தட்டு காய்ந்ததற்கு, கீழ்த் தட்டு ஈரத்துக்கு. கால் அகலாமல் இருக்க நாடா. ஓரத்தில் கிளிப் டப்பாவுக்கு ஒரு பை. பையைத்தான் முதலில் தைத்தாள். டப்பாவை அதில் போட்டுப் பார்த்தாள். அளவாக இருந்தது.

திங்கள்கிழமை அப்பா சீக்கிரம் எழுந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அவ சேல ஏதாவது கெடக்கா?"

"பச்சச் சேல இருக்கு. ஆனா அதுல அழுக்கு இல்ல."

"கெடக்கட்டும். கொண்டா."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தார். சேலையை நனைத்தார். சோப்புப் போட்டார். ஜெனோவா கூடையின் நாலாவது காலுக்குச் செருப்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் சேலையைப் பிழியத் தொடங்கியதும் வெளியே படிக்கட்டு வளர ஆரம்பித்தது.