உளுந்து கிடக்கும் சாலை

ஸ்டியரிங் தானாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஃபஹ்மிதா அதை உற்றுப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தது அவள்தான். ஆனால் கைகள் மடியில் இருக்க வேண்டும், கால்கள் தரையில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகும் கிராமச் சாலையில் அந்த மின்சாரக் கார் சத்தமில்லாமல் தானே ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் அறிவுமதி. காரை வடிவமைக்கும் குழுவின் தலைவர். சென்னை அலுவலகத்தில் இருவருக்கும் நெடுநாளாக ஒரே வாக்குவாதம். காருக்கு வழி புரியாமல் போனால் என்ன செய்வது? ஒரு 'பீப்' கொடுத்து மனிதனிடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்பார் அவர். அதுவரை சும்மா உட்கார வைத்த மனிதனை ஆபத்து நேரத்தில் மட்டும் எழுப்பினால் அவனால் முடியாது, கார் தானே நிற்க வேண்டும் என்பாள் சோதனைப் பிரிவில் இருக்கும் இவள். அதற்குத்தான் இன்றைய சோதனை. பீப் சத்தம் கேட்டு அவள் பிரேக் பிடித்துவிட்டால் அவருடைய வடிவமைப்பு தொழிற்சாலைக்குப் போய்விடும். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

முதல் ஊரிலேயே கார் நின்றுவிட்டது. சாலையை அடைத்து உளுந்துச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். காரின் கண்ணுக்கு அது தடை. வேப்பமரத்தடியில் இருந்த விவசாயி வைரக்கண்ணு எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏன் நிக்கிறீங்க? ஏத்திட்டுப் போங்க. புது காருக்குக் கால் வலிக்குதா?"

அறிவுமதி விழித்தார். நாகூர்க்காரியான ஃபஹ்மிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அறுவடை முடிந்தால் இங்கே தார் ரோடுதான் களம், வண்டிகள் ஏறி இறங்கினால் நெற்று உடைந்து உளுந்து உதிரும், ஏறாமல் போனால்தான் இவர்களுக்குக் கோபம் வரும் என்று விளக்கினாள்.

அவர் மடிக்கணினியில் இடது கையால் தட்டினார். வலது கை அதன் அடியிலேயே இருந்தது. பரப்பிய செடி தடையல்ல, ஏறிப் போகலாம் என்று காருக்குச் சொல்லியாயிற்று. கார் ஏறியது. சக்கரத்தடியில் நெற்றுகள் பொரிவதுபோல் வெடித்தன. அடுத்த ஊரில் வேகம் குறையாமலே ஏறியது.

"பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் கத்துக்குது" என்றார்.

அதற்கடுத்த ஊரின் வளைவு திரும்பியபோதுதான் அவள் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. உளுந்தில் வேலை செய்கிறவர்கள் சாலையைப் பார்ப்பதில்லை. ஹாரன் கேட்டால் விலகுவார்கள். அதனால் இங்கே எந்த ஓட்டுநரும் ஹாரன் அடிக்காமல் உளுந்தில் ஏறுவதில்லை. இந்தக் காருக்கு எஞ்சின் சத்தமும் இல்லை. ஹாரன் அடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

பரப்பின் நடுவே ஒரு சிறு குவியல் தெரிந்தது. செடியின் அதே காய்ந்த நிறம். குவியல் அசைந்தது. தலையில் துண்டைப் போர்த்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்து நெற்று பொறுக்கும் பெண்.

பீப் அடித்தது. 'கட்டுப்பாட்டை ஏற்கவும்' என்று திரை சிவந்தது.

ஃபஹ்மிதாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிரேக் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தது. கால் மட்டும் எழவில்லை. துண்டின் ஓரத்துப் பச்சைக் கரை வரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கார் நெருங்கிவிட்டது.

கார் குலுங்கிச் சறுக்கி, குறுக்காகத் திரும்பி நின்றது.

காருக்கும் அந்தப் பெண்ணின் முதுகுக்கும் நடுவே ஒரு கைப்பிடிச் செடி சிக்கியிருந்தது. அவள் பெயர் பிரகதாம்பாள் என்று ஓடிவந்தவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. எழுந்தவள் ஃபஹ்மிதாவைப் பார்த்தாள்.

"ஹாரன் அடிக்கக் கை இல்லியாம்மா உனக்கு?"

ஃபஹ்மிதா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில்தான் இருந்தன. கால்களும் தரையில்தான் இருந்தன. அப்படியானால் காரை நிறுத்தியது யார்?

மடிக்கணினி கீழே விழுந்திருந்தது. அறிவுமதியின் வலது கை, இருக்கைகளுக்கு நடுவே இருந்த சிவப்புப் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. சோதனைக் காருக்கென்று மட்டும் வைத்த அவசரப் பொத்தான்.

"குத்தாலத்துல ஏறினதுலேர்ந்து அது மேலயேதான் கை வச்சிருந்தீங்களா?"

அவர் தலை மட்டும் அசைந்தது.

"விக்கிற கார்ல இந்தப் பொத்தான் இருக்குமா சார்?"

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். அவள் கதவைத் திறந்து இறங்கி, அவர் பக்கம் போய் நின்றாள்.

"நீங்க வந்து ஓட்டற சீட்ல உக்காருங்க. அதே மாதிரி கையை மடியில வச்சுக்கிட்டு. பொத்தான் என்கிட்ட இருக்கட்டும்."

அறிவுமதி இடம் மாறினார். திரையில் 'தானியங்கி' என்ற எழுத்துகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவர் தானியங்கியை அணைத்தார்.

மயிலாடுதுறை வரும்வரை ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். உளுந்து கண்ட இடமெல்லாம் ஹாரன் அடித்தார். வெறும் சாலையிலும் அடித்தார்.