தூஷிக்கின் கஷாயம்

தூஷிக் குடிப்பதை அவன் மனைவி கும்நான் தடுத்துப் பார்த்து அலுத்துவிட்டாள். சாயப்பட்டறை ஒன்றில் விற்பனைப் பிரிவுத் தலைவன் அவன். வாடிக்கையாளர்களோடு சோஜு சாராயம் குடிப்பதும் வேலையில் சேர்த்தி என்பான். "குடும்பத்துக்காகத்தான்டி குடிக்கிறேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லும்போது, இந்தத் தியாகிக்கு எந்தத் தெருவில் சிலை வைக்கலாம் என்பதுபோல அவனை ஏற இறங்கப் பார்ப்பாள்.

ஆனாலும் சனிக்கிழமைதோறும், கொரியாவின் தேகு நகரத்தில் நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த மருந்துச் சந்துக்குப் போய் ஹொட்கே காயும் காட்டுக்கொடிப் பூவும் வாங்கி வந்து, நாலு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி வைப்பாள். குடிகாரர்களின் ஈரலைக் காக்கும் கஷாயம். தினமும் காலையில் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பாள். சாயங்காலம் பிளாஸ்க் காலியாகத் திரும்பும். இப்படி இரண்டு வருஷம்.

மார்ச் மாதம் அவன் கண் மஞ்சளித்து, வயிறு உப்பி, ஆஸ்பத்திரியில் படுத்தான். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுவதுண்டா என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், தலையணையிலிருந்து நிமிர்ந்துவிட்டான்.

"ஆமா டாக்டர்! இவதான் கண்டதையும் காய்ச்சித் தினம் குடிக்க வெச்சா. அதான் என் ஈரலைத் தின்னுடுச்சு!"

டாக்டரம்மா கும்நானை முறைத்தாள். "மரம் மட்டையெல்லாம் அவிச்சுக் குடுப்பீங்களா?"

தன் கையாலேயே கெடுத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் கும்நானுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டறையின் டைரக்டர் மெங் பழச்சாற்றுப் பெட்டியோடு வந்தார். சிவந்த கன்னம், பெருத்த சிரிப்பு.

"என்ன கைப்பக்குவம்மா உங்களுக்கு! ரெண்டு வருஷமா தூஷிக் காலையில பிளாஸ்க்கைக் கொண்டாந்து என் மேஜைல வெச்சிடுவான். 'என் பெண்டாட்டி உங்களுக்குன்னே காய்ச்சினது சார்'னுவான். ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டேன். இவன் படுத்ததுலேர்ந்து வரலையா, கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

தூஷிக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"எழுதிக்குங்க டாக்டரம்மா," என்றாள் கும்நான். "இவர் அதுல ஒரு மடக்குகூடக் குடிக்கல. குடிச்சதெல்லாம் சோஜு."

டாக்டரம்மா காகிதத்தில் 'நாட்டு மருந்து' என்று எழுதியிருந்ததை அடித்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிரமோஷனுக்காகத்தான்டி..." என்று சுவரைப் பார்த்து முனகினான் தூஷிக்.

"கிடைச்சுதா?"

மெங் தொண்டையைச் செருமினார். "அது... அடுத்த வருஷம் பாக்கலாம்னு..."

"ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம் சார்," என்றாள் அவள். "காய் மருந்துச் சந்துல மூணாவது கடையில கிடைக்கும். உங்க வீட்லயும் அடுப்பு இருக்குமில்ல? நீங்களே காய்ச்சிக்குங்க."

மெங் பெட்டியை வைத்துவிட்டு நழுவினார். கும்நான் கீழே கேன்டீனுக்குப் போய், சூடான மாட்டெலும்பு சூப்பில் சோற்றைப் போட்டுக் கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து வீடு திரும்பிய தூஷிக் அதற்குப்பின் குடிக்கவில்லை. பயத்தில்தான், வெட்கத்தால் அல்ல. அது தெரிந்ததால், அக்கம்பக்கத்தார் அவனை மெச்சியபோதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.